பிழைத்திருத்த ஆணை

கடலோர மேம்பாட்டுத் துறைச் செயலாளர் முகுந்தராஜன் ஜெசிந்தாவின் ஆய்வுக் கட்டுரையை இரண்டு முறை படித்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அந்தக் குறிப்புகளையே பார்த்தாள். முத்தாறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பதினோரு ஆண்டுகளில் அவள் எழுதியவற்றைப் படித்தவர்கள் இருபது முப்பது பேர் இருப்பார்கள். அவர்களும் அதே துறைக்காரர்கள். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படித்தவர்கள். கோட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் படித்து, கேள்வி கேட்பதற்காக அவளைச் சென்னைக்கு வரவழைத்தது இதுதான் முதல் தடவை.

"அறுபத்தெட்டாம் பக்கத்துல ஒரு சந்தேகம் டாக்டர்," என்றார் அவர். "ஒரு ஊருக்கு எழுபத்தொண்ணுன்னு கணிப்பி சொன்னா, அது எவ்வளவு நிச்சயம்?"

கணிப்பி என்பது அவளும் அவள் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய இயந்திர மூளை. செயற்கைக்கோள் படங்கள், கிணற்று நீரின் உப்பு, மின்மீட்டர்கள், பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை மாற்றல்கள், கல்யாணப் பதிவுகள் எல்லாவற்றையும் அது தின்னும். தின்றுவிட்டு, முத்தாறு மாவட்டக் கடலோரத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைச் சொல்லும். பத்து ஆண்டுகளுக்குள் அந்த ஊரில் பாதிப் பேர் வெளியேறிவிடுவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதே அந்த எண்.

"முன்ன பின்ன எட்டு, ஒன்பது புள்ளி இருக்கும் சார். அது அறுபத்திரண்டாவும் இருக்கலாம், எண்பதாவும் இருக்கலாம்."

"அப்ப எழுபத்தொண்ணும் அறுபத்தெட்டும்?"

"ஒண்ணுதான் சார்."

முகுந்தராஜன் சிரித்தார். "ஜி.ஓ.ல ஒண்ணுதான்னு எழுத முடியாதே! கடல் ஏறிட்டு வருது. எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சு எல்லாரையும் மூழ்கடிக்கறதுதான் இதுவரைக்கும் நாங்க பண்ணிட்டிருக்கோம். நீங்க ஒரு கோடு போட்டுக் குடுங்க. கோட்டுக்குக் கீழ இருக்கற ஊருக்கு எல்லாத்தையும் செய்வோம், கதவணை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. மேல இருக்கற ஊருக்குப் புதுசா எதுவும் கட்ட மாட்டோம். மக்களுக்கு உள்நாட்டுல வீடு கட்டிக் குடுத்து மரியாதையாக் குடிவைப்போம். நீங்க சொல்றதை அப்படியே கேக்கப் போறோம்."

ஜெசிந்தாவின் அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அவள் கல்லூரியில் படித்தபோது அவர்கள் ஊர்க் கரையில் ஓர் அலைத்தடுப்புச் சுவரைத் தவறான இடத்தில் கட்டினார்கள். சுவர் எங்கே வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஒரு கட்சிக்காரரின் இறால் பண்ணை. அங்கே கட்டினால் தெற்குத் தெரு போய்விடும் என்று ஒரு பேராசிரியர் எழுதிய ஆய்வு பல்கலைக்கழக நூலகத்தில் தூசி படிந்து கிடந்தது. மூன்றே மழைக்காலத்தில் தெற்குத் தெரு போய்விட்டது. நூலகத்தில் கிடக்கிற தாளுக்கும் கோட்டையில் போடுகிற கையெழுத்துக்கும் நடுவே ஒரு பாலம் கட்டவேண்டும் என்ற வெறி அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு.

அதனால் அவள் கோடு போட்டாள். எழுபது. அது முழு எண் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

கூடவே ஒன்றைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள்: பட்டியலைப் பத்து ஆண்டுகளுக்கு யாரும் மாற்றக்கூடாது. "இல்லேன்னா நாளைக்கே ஒருத்தர் ஃபோன் பண்ணி எங்க ஊரை எடுத்துடுங்கன்னு சொல்லுவார் சார்." முகுந்தராஜன் மகிழ்ச்சியோடு அந்த விதியைச் சேர்த்தார்.

ஆணை வந்த அன்று பல்கலைக்கழகத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். நுழைவாயிலில் 'ஆய்வகத்திலிருந்து ஆட்சிக்கு' என்று பதாகை கட்டினார்கள். ஆணையின் கடைசி இரண்டு பக்கங்களில் எழுபதைத் தாண்டிய நாற்பத்தோரு ஊர்களின் பெயர்கள் இருந்தன. அந்தப் பக்கங்களை அன்று யாரும் கூர்ந்து படிக்கவில்லை. அவளும் படிக்கவில்லை.

*

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு முற்பகலில், புன்னைக்கட்டளை ஊராட்சித் தலைவர் வைரக்கண்ணு அவள் அறைக்கு வந்தார். அறுபதை நெருங்கும் வயது. வெள்ளை வேட்டி, நனைந்த செருப்பு. அவரோடு தேவசேனா என்றொரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், ஒரு தடித்த நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"எங்க ஊருக்கு மார்க்குப் போட்டது நீங்கதானாம்மா?" என்றார் வைரக்கண்ணு.

அவள் ஆமென்றாள்.

"எவ்வளவு போட்டீங்க?"

"எழுபத்தொண்ணு."

"பக்கத்து ஊரு ஏறவாடிக்கு?"

"அறுபத்தெட்டு."

"மூணு மார்க்கு," என்றார் அவர், தேவசேனாவைத் திரும்பிப் பார்த்து. "மூணு மார்க்குல அங்க ஸ்கூலு பெருசாவுது. எங்க ஸ்கூலைப் பூட்டிட்டாங்க. நர்ஸம்மாவ மாத்திட்டாங்க. பாலம் ஒடஞ்சு கெடக்கு, கேட்டா பட்டியல்ல இருக்குங்கறாங்க. குடுக்கற வீடு நாப்பது மைலு தள்ளி, நாலாவது மாடி. ஆட்டை எங்கம்மா கட்டுறது?"

"அண்ணே, அது தண்டனை இல்ல. உங்க ஊருக்குள்ள உப்பு ஏறிட்டு வருது. உங்களைக் காப்பாத்தத்தான்..."

"உப்பு ஏறல மேடம்," என்றாள் தேவசேனா. அவள் நோட்டை மேசைமேல் விரித்தாள். மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் பதினான்கு கிணறுகளில் உப்பு அளந்து எழுதியிருந்தாள். அளக்கும் கருவியைத் தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தது. "நாங்க ஆறு கொளம் வெட்டி மழைத்தண்ணியத் தேக்குனோம். மொத வருஷம் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது வருஷம் எறங்க ஆரம்பிச்சுச்சு. இந்தா பாருங்க. போன மாசம் ஒம்பது கெணறு குடிக்கலாம்."

ஜெசிந்தா பக்கங்களைப் புரட்டினாள். எழுத்து சிறியதாக, சீராக இருந்தது. அளக்க முடியாத வாரங்களில் 'காய்ச்சல்', 'கல்யாணம்' என்று காரணம் எழுதியிருந்தாள். அவளுடைய மாணவர்கள் எவரும் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. கணிப்பிக்குத் தெரியாத ஆறு குளங்கள். மூன்று புள்ளி என்ன, பத்துப் புள்ளிகூட இறங்கும்.

"இதை யார்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"எல்லார்கிட்டயும் காட்டுனோம்," என்றார் வைரக்கண்ணு. "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சுங்கறாங்க. முன்னாடியெல்லாம் ஒரு வேலை ஆவணும்னா யாரு காலைப் புடிக்கணும்னு தெரியும்மா. அசிங்கந்தான், ஆனா தெரியும். இப்ப யாரு காலைப் புடிக்கறது? சொல்லுங்க, புடிக்கறேன்."

அவள் மறுநாளே புன்னைக்கட்டளைக்குப் போய்க் கிணறுகளை அளந்தாள். தேவசேனாவின் எண்கள் புள்ளி பிசகாமல் சரியாக இருந்தன. அந்த வாரமே சென்னைக்குப் போனாள்.

முகுந்தராஜன் நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். "அருமையான வேலை. இந்தப் பொண்ணுக்கு ஏதாவது உதவித்தொகை குடுக்கலாமே," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா டாக்டர், பத்து வருஷத்துக்கு மாத்தக்கூடாதுன்னு எழுதச் சொன்னது நீங்க. ஒரு ஊரை எடுத்தா நாளைக்கு நாப்பது எம்.எல்.ஏ. வாசல்ல நிப்பாங்க. அப்புறம் ஒண்ணு. இந்த வருஷக் கணிப்பைப் பாத்தீங்களா? புன்னைக்கட்டளைக்கு எழுபத்தேழு. ஏறித்தானே இருக்கு?"

"பள்ளிக்கூடத்தைப் பூட்டினதால சேர்க்கை பூஜ்யம் சார். அதனால ஏறியிருக்கு."

"எதனாலயோ. போறாங்கங்கறது உண்மைதானே?"

ஊர் திரும்பும் ரயிலில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே வந்தாள். உண்மைதான். போகிறார்கள். அது உண்மை என்பதுதான் அவளை அரித்தது.

*

அடுத்த ஆண்டு அறுவடைக் காலத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, வரப்பில் நடந்துகொண்டிருந்த தேவசேனாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. முன்பு நர்ஸ் இருந்த துணை சுகாதார நிலையத்தில் விஷமுறிவு ஊசி இருந்திருக்கும். இப்போது அந்தக் கட்டடத்தில் உரமூட்டைகள் இருந்தன. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் பாலம் உடைந்து கிடந்ததால் இருபத்தாறு கிலோமீட்டர் சுற்றி வந்தது. ஏறவாடி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு மூச்சு இல்லை.

ஜெசிந்தா போனபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. தேவசேனாவின் கணவன் உள்ளே புறப்பட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். திருப்பூரில் அவன் தம்பி இருந்தான்.

வைரக்கண்ணு வாசலில் நின்றார். "இவன் போறான். இவனப் பாத்து அந்தத் தெருவே போவும்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜெசிந்தாவுக்கு.

ரேஷன் அட்டையில் ஒரு பெயர் நீக்கம், மூன்று பெயர் மாற்றம். அது கணிப்பிக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு புன்னைக்கட்டளைக்கு எண்பத்து நான்கு. அதற்கடுத்த ஆண்டு, கோடையில், வைரக்கண்ணுவும் ஆடுகளை விற்றுவிட்டு நாலாவது மாடிக்குப் போனார். ஒன்பது கிணறுகளிலும் நல்ல தண்ணீர் இருந்தது. இறைக்க ஆள் இல்லை.

ஆணை வந்த ஐந்தாம் ஆண்டில், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஊர்களில் கணிப்பி இதுவரை சரியாகச் சொல்லியிருப்பதாக ஓர் அறிக்கை வெளிவந்தது. நாட்டிலேயே இவ்வளவு துல்லியம் எங்கும் இல்லை என்றார்கள். வேறு மூன்று மாநிலங்கள் அதைக் கேட்டு வாங்கின. டெல்லியில் ஜெசிந்தாவுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் பேசியவர், பல்கலைக்கழகமும் அரசும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று என்றார். அவள் விருதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, இறங்கி வந்து, பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

அதன்பிறகு அவள் ஒரே ஒரு வேலைதான் செய்தாள். கணிப்பி தோற்ற ஊர்களைத் தேடினாள்.

*

சின்னச் சின்னப் பிசகுகள் பல இருந்தன. ஆனால் கண்ணை உறுத்துகிற மாதிரி இரண்டே இரண்டு. கீழச்செங்கழனி, கடலிலிருந்து முந்நூறு மீட்டரில் இருக்கும் ஊர். கணிப்பி முதலில் கொடுத்தது எண்பத்து மூன்று. காலியாகியிருக்க வேண்டும், ஆனால் மக்கள்தொகை கூடியிருந்தது. மேலச்செங்கழனி, பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, நல்ல மண், நாற்பது புள்ளி. அங்கே பாதிப் பேர் இல்லை.

ஜெசிந்தா பழைய ஆணையை எடுத்துக் கடைசிப் பக்கங்களை முதன்முறையாக வரி வரியாகப் படித்தாள். முப்பத்து நான்காவது பெயர், மேலச்செங்கழனி. 'கீழ' என்று இருக்கவேண்டிய இடத்தில் யாரோ 'மேல' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளாக எல்லாத் துறைகளும் அந்தப் பட்டியலைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தன. மேல ஊரில் எல்லாம் நின்றுபோயின. கீழ ஊருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன.

அவள் கீழச்செங்கழனிக்குப் போனாள். வாய்க்காலின் முகத்தில் கதவணை நின்றது. கடல் ஏறும்போது அடைத்து, இறங்கும்போது திறந்தார்கள். உப்பைத் தாங்கும் நெல் கதிர் முற்றியிருந்தது. பள்ளிக்கூடம் பத்தாவது வரை வளர்ந்திருந்தது. நர்ஸ் ஊரிலேயே குடியிருந்தாள். ஊராட்சித் தலைவி தவமணி, ஐம்பத்தைந்து வயது, உரத்த குரல், ஜெசிந்தாவையும் உடன் வந்த இரண்டு மாணவிகளையும் ஒன்பது நாள் தன் வீட்டிலேயே தங்க வைத்தாள். வீடு வீடாகக் கூட்டிப்போய் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வைத்தாள்.

"ஏன் இந்த ஊரை விட்டுப் போகலன்னு ஒரு கேள்வி இருக்குக்கா," என்றாள் ஜெசிந்தா.

"இது என்ன கேள்வி! ஏன் போவணும்?" என்றாள் தவமணி. பிறகு கொடுவா மீன் குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றியபடி கேட்டாள். "இத எழுதுறதுல எங்களுக்கு என்னா கெடைக்கும் டாக்டரம்மா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்களக் காட்டி மத்த நாப்பது ஊருக்குக் கேக்கலாம்."

"அப்ப எழுதுங்க. புண்ணியந்தான்."

ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக ஜெசிந்தா அங்கே நிம்மதியாகத் தூங்கினாள்.

*

சென்னையில் கூட்டம் காலை பதினொன்றுக்கு. முகுந்தராஜன், இணைச் செயலாளர், மேலும் ஆறு அதிகாரிகள். ஜெசிந்தா இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டினாள்.

"கணிப்பி உப்பக் கணிக்கல சார்," என்றாள். "நம்மளக் கணிச்சிருக்கு. நாம கைவிட்ட ஊர் காலியாச்சு. கைவிடாத ஊர் நின்னுது. கடலுக்குப் பக்கத்துல இருந்தும் நின்னுது. தொண்ணூத்து நாலு நம்ம துல்லியம் இல்ல. அது சொன்னதை நாமதான் நடத்திக் காட்டியிருக்கோம்."

முகுந்தராஜனின் முகம் வெளிறியது. அவர் எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார்.

"மேலச்செங்கழனிக்கு நடந்தது அநியாயம்," என்றார் கடைசியில். குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. "ஆறு வருஷம். அந்த ஜனங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

இணைச் செயலாளர் ஆணையைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், பட்டியலை மாத்தக்கூடாதுதான். ஆனா இது மாத்தறது ஆகாது. தட்டச்சுப் பிழை. பிழைத்திருத்த ஆணை ஒண்ணு போட்டாப் போதும்."

"எந்தப் பிழையை?" என்றாள் ஜெசிந்தா.

"முப்பத்து நாலாவது பேரை. மேலங்கறதைக் கீழன்னு திருத்திடலாம்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"சார், நான் அதுக்காக வரல. கீழச்செங்கழனி நல்லா இருக்கு. ஆயிரத்து முந்நூறு பேர் இருக்காங்க. நான் கேக்கறது மத்த நாப்பது ஊருக்கும்..."

"ரெண்டே ரெண்டு ஊரை வச்சு முந்நூறு ஊருக்கான ஆய்வு தப்புன்னு சொல்ல முடியுமா டாக்டர்?" முகுந்தராஜன் திரும்பினார். கடுமை இல்லாமல், சக ஆராய்ச்சியாளனைப்போலக் கேட்டார். "உங்க மாணவன் ஒருத்தன் இப்படி எழுதிட்டு வந்தா ஒத்துக்குவீங்களா?"

அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பதினேழு ஆண்டுகளாக மாணவர்களிடம் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

"பிழை இருக்குன்னு தெரியாத வரைக்கும் வேற. இப்போ தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் விட்டா மத்த நாப்பது ஊரும் கோர்ட்டுக்குப் போகும், எங்க பேரும் தட்டச்சுப் பிழைன்னு. பட்டியல் நிக்காது. பட்டியல் போச்சுன்னா பழைய காலந்தான். யார் ஃபோன் பண்றாங்களோ அவங்க ஊருக்குச் சுவர். உங்க தெற்குத் தெரு கதைய நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

"அப்ப இந்த அறிக்கைய நான் திரும்ப எடுத்துக்கறேன் சார்."

"மினிட்ஸ்ல ஏறிடுச்சே மேடம்," என்றார் இணைச் செயலாளர். "நல்லவேளை நீங்க கண்டுபிடிச்சீங்க. மூணு வாரத்துல ஆணை வந்துடும்."

*

ஆணை வருவதற்குள் ஊராரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். தெரிந்துகொண்டால் அவர்கள் வழக்குப் போடலாம். அவளே சாட்சிக் கூண்டில் ஏறுவாள். அந்த எண்ணத்தோடுதான் கீழச்செங்கழனிக்குப் போனாள்.

தவமணியின் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, பிளஸ் டூ வகுப்பு கேட்டு ஒரு மனுவை எழுதி வைத்திருந்தார்கள். ஜெசிந்தா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

தவமணி அந்த மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வராம இருந்திருந்தா?" என்றாள் தவமணி.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

தவமணி தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, டீ போட வேண்டாம் என்று சொன்னாள்.

"கேஸ் போடலாம்க்கா. நான் சாட்சி சொல்றேன். இதை எதுத்து நிக்க முடியும்."

"எத்தனை வருஷம் ஆவும்?"

"மூணு... நாலு."

"எங்க சம்பந்தி வீடு மேலச்செங்கழனிதான் டாக்டரம்மா," என்றார் மூலையில் இருந்த ஒருவர். "எல்லாத்தையும் பாத்திருக்கோம். மொதல்ல நர்ஸு போவாங்க. அப்பறம் பஸ்ஸு. அப்பறம் வாத்தியாரு ஒருத்தர் ஒருத்தரா. மொதல்ல போனவனுக்குக் கீழ்த்தளத்துல வீடு. கடைசியாப் போனவன் மாடியில கெடக்கான், முட்டிவலியோட."

"அந்த மாதிரி நடக்க விட மாட்டோம். இப்பவே யாரும் அவசரப்பட்டு..."

"யுனிவர்சிட்டி சொன்னா நடக்கும்," என்றார் அவர். "இது வரைக்கும் நடந்துதானே இருக்கு."

முதல் குடும்பம் அந்த வாரமே கிளம்பியது. பள்ளி திறப்பதற்குள் சேர்க்க வேண்டுமே என்று பிள்ளைகள் உள்ளவர்கள் அவசரப்பட்டார்கள். ஜெசிந்தா இரண்டு முறை போய்க் கெஞ்சினாள். வக்கீல் ஒருவரைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டே சாமான்களைக் கட்டினார்கள். அவள் வாழ்நாளில் முதன்முறையாக, அரசாணை இல்லாமல், அவள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஓர் ஊர் முடிவெடுத்தது.

கடைசிவரை இருந்து பூட்டிவிட்டுப் போனது தவமணிதான்.

மூன்று வாரம் போயிற்று. மூன்று மாதம் போயிற்று. ஆணை வரவில்லை. இடையில் முகுந்தராஜனை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். எட்டாவது மாதம் ஜெசிந்தா சென்னைக்குப் போய்ப் பிரிவு அலுவலரிடம் விசாரித்தாள். அவர் கோப்பைத் தேடி எடுத்து, புதிய செயலாளரின் குறிப்பை வாசித்துக் காட்டினார்.

"மேற்படி கிராமத்திலிருந்து மக்கள் தாமாகவே வெளியேறி வருவதாகப் புள்ளிவிவரம் காட்டுவதால், தனியே பிழைத்திருத்த ஆணை பிறப்பிக்க வேண்டிய அவசியம் எழவில்லை."

"அப்ப பட்டியல்ல கீழச்செங்கழனி இல்லையா?"

"இல்லீங்களே மேடம். பட்டியல் பழையபடியேதான் இருக்கு. அந்த ஊருக்கு எல்லாம் உண்டு. பிளஸ் டூ கூட இந்த வருஷம் அனுமதி ஆகியிருக்கு. சேர ஆள்தான் இல்லைன்னு தலைமையாசிரியர் எழுதியிருக்கார்."

அவர் கோப்பைக் கட்டி மூடினார்.

இரண்டு நாள் கழித்து, பல்கலைக்கழகத்தில் அவள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தவமணி அழைத்தாள். பின்னால் எங்கோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரைச்சல் கேட்டது, குழந்தைகளின் கூச்சலும் லிஃப்டின் மணியும்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கோம். மூணாவது மாடி. தண்ணி வருது. பேத்திக்கு இடம் கெடைச்சிருச்சு. மாமியாதான் போயிட்டாங்க, புரட்டாசியில. கடல்காத்து இல்லாம அவங்களுக்கு மூச்சு முட்டுச்சு." உரத்த அந்தக் குரல் தணிந்திருந்தது. "ஒண்ணு கேக்கணும்னுதான் பேசுறேன். இஞ்ச சில பேரு, ஆர்டரே வரலன்னு பேசிக்கறாங்க. நாமளா பயந்துகிட்டு வந்துட்டோம்ங்கறாங்க. எங்க வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் அதையே சொல்லிப் பொலம்புறாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவேன் டாக்டரம்மா. ஆர்டர் வந்துருச்சுல்ல?"

தாழ்வாரத்தில் மாணவர்கள் அவளைக் கடந்து போனார்கள். ஜெசிந்தா சுவரோரமாக ஒதுங்கினாள்.

"வந்துருச்சுக்கா," என்றாள். "நானே பாத்தேன்."

"அப்ப சரி," என்றாள் தவமணி. ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "நாங்க முன்னாடியே கெளம்பி வந்தது நல்லதாப் போச்சு."